ரோமர்களின் நாடக அரங்கமும் அதன் பின்சுவரும்

ரோமானிய நாடக அரங்கம் எப்படிக் கட்டப்பட்டது, அது கிரேக்க அரங்கத்தைப் பார்த்துச் செய்ததுதானா, கொலோசியமும் அதுவும் ஒன்றா, மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருந்தவருக்கு எப்படிக் கேட்டது என்று நான்கு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். கொலோசியத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம்.

இரண்டும் ஒன்றல்ல. கொலோசியம் நீள்வட்டமானது. நடுவில் மணல் களம், சுற்றிலும் இருக்கைகள். வாள் வீரர்களும் விலங்குகளும் மோதிய இடம் அது. எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் சண்டை சண்டைதான். நாடகத்துக்கு அது சரிவராது. நடிகருக்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. முகமூடி மாட்டிக்கொண்டு வசனம் பேசுகிறவரின் முதுகைப் பார்க்க யாரும் காலையிலேயே வந்து இடம் பிடிக்க மாட்டார்கள். ஆகவே நாடக அரங்கம் அரைவட்டம். வட்டத்தின் மறுபாதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் மேடை, மேடைக்குப் பின்னால் ஓர் உயர்ந்த சுவர். தேர்ப் பந்தயத்துக்கென்று நீண்டு ஒடுங்கிய மூன்றாவது வகைக் கட்டிடமும் ரோமர்களிடம் இருந்தது, அது இங்கே வேண்டாம்.

கிரேக்கர்களிடமிருந்து எடுத்தார்களா என்றால், ஆமாம், எடுத்தார்கள். ஆனால் எடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. கிரேக்க அரங்கம் ஒரு மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும். கிரீஸின் எபிடாரஸில் இருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சரிவைக் குடைந்து படிவரிசைகள், கீழே முழு வட்டமாக ஆடுகளம், அதற்கு அப்பால் தனியாக ஒரு மேடைக் கட்டிடம். படிவரிசை அரைவட்டத்தைத் தாண்டி ஆடுகளத்தைக் கொஞ்சம் அணைத்துக்கொண்டு போகும். படிவரிசைக்கும் மேடைக் கட்டிடத்துக்கும் இடையே திறந்த வெளியில் நடைபாதைகள் இருக்கும். உட்கார்ந்தால் மேடையைத் தாண்டி வயலும் மலையும் தெரியும்.

ரோமர்கள் இந்தப் பகுதிகளையெல்லாம் ஒன்றாக இழுத்துச் சேர்த்தார்கள். படிவரிசையைச் சரியான அரைவட்டமாக வெட்டினார்கள். ஆடுகளத்தையும் பாதியாக்கினார்கள். திறந்திருந்த நடைபாதைகளுக்கு மேல் கல் வளைவு போட்டு மூடி, மேடைக் கட்டிடத்தைப் படிவரிசையோடு இருபுறமும் ஒட்டினார்கள். பின்சுவரைக் கடைசிப் படியின் உயரத்துக்கு எழுப்பினார்கள். இதற்குப் பிறகு உள்ளே உட்கார்ந்தவருக்கு வெளியூர் தெரியாது. வானம் மட்டும்தான் தெரியும். ரோமானிய அரங்கத்தின் கட்டிட அமைப்பில் என்னைக் கேட்டால் இதுதான் மையம். அது நான்கு பக்கமும் அடைபட்ட ஒரே கட்டிடம். மற்ற எல்லாமே, ஒலியோ பந்தலோ கூட்டத்தை அடக்கிய விதமோ, இதிலிருந்து வருகிறது.

அந்தச் சுவரை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் பிரான்சின் தென்பகுதியில் ஒரான்ஜ் என்ற ஊருக்குப் போக வேண்டும். ரோமர் காலத்தில் அதன் பெயர் அராவுசியோ. இரண்டாம் படைப்பிரிவில் பணி முடித்த வீரர்களைக் குடியேற்றிய ஊர். பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் எழுந்த அரங்கத்தின் மேடைச் சுவர் இன்றும் ஏறக்குறைய முழு உயரத்தில் நிற்கிறது. நீளம் 103 மீட்டர், உயரம் 37 மீட்டர், தடிமன் 1.8 மீட்டர். பதினான்காம் லூயி மன்னர் அதைப் பார்த்துவிட்டு என் நாட்டிலேயே மிக அழகான சுவர் இதுதான் என்றாராம். அவர் புகழ்ந்தது வெளிப்பக்கத்தை என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. தெருவிலிருந்து பார்க்கும்போது அலங்காரம் அதிகமில்லை. கீழே வாசல் வளைவுகள், அதற்கு மேல் அடைத்த வளைவுகளின் ஒரு வரிசை, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள், மற்றபடி வெறும் கல். அந்த வெறுமைதான் அதன் கம்பீரம்.

உள்பக்கம் நேர்மாறு. மூன்று அடுக்காகத் தூண்கள், நடுநடுவே மாடங்கள், மாடத்துக்கு மாடம் சிலை, வண்ண வண்ணப் பளிங்குப் பலகைகள். சுவர் நேர்கோட்டில் ஓடாது, முன்னும் பின்னுமாக மடிந்து ஓடும். ஒரான்ஜில் இன்று பெரும்பாலும் உரித்த சுவர்தான் இருக்கிறது. தூண்களில் சிலவற்றைத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். நடு வாயிலுக்கு மேலே பெரிய மாடத்தில் சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் அகஸ்டஸ் சிலை. கீழே என்ன கூத்து நடந்தாலும் பார்ப்பவரின் கண் மேலே போனால் பேரரசர் அங்கே நிற்பார். அலங்காரத்தோடு பார்க்க விரும்பினால் லிபியாவின் சப்ராத்தா இருக்கிறது. 1930களில் இத்தாலிய அகழாய்வாளர்கள் அங்கே மூன்று அடுக்குத் தூண் வரிசையை மறுபடி எழுப்பி நிறுத்தினார்கள்.

சுவரில் மூன்று கதவுகள். நடுவில் இருப்பது அரச வாயில், நாடகத்தில் அரண்மனைக் கதவு. இருபுறமும் விருந்தினர் வாயில்கள். மேடையின் இரு கோடிகளிலும் பக்கவாட்டு வழிகள் உண்டு. ஒன்றில் வருகிறவர் ஊருக்குள்ளிருந்து வருகிறார், மற்றதில் வருகிறவர் வெளியூரிலிருந்து வருகிறார் என்று பார்ப்பவர்கள் புரிந்துகொள்வார்கள். வசனத்தில் விளக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கம் தலை நீட்டினார் என்பதே போதும்.

இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர் விட்ருவியஸ். கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் பத்துப் பகுதிகளாகக் கட்டிடக்கலை பற்றி எழுதியவர். ஐந்தாம் பகுதியில் அரங்கத்துக்கு ஒரு வரைபட விதி கொடுக்கிறார். ஒரு தாளும் காம்பஸும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் நான்கு சமபக்க முக்கோணங்களை, முனைகள் சம தூரத்தில் விழும்படி வரையுங்கள். வட்டத்தில் 12 புள்ளிகள் கிடைக்கும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் மேடைச் சுவரின் கோடு. அதற்கு இணையாக வட்டத்தின் மையம் வழியாக இன்னொரு கோடு போட்டால் அது மேடையின் முன்விளிம்பு. மேல்பாதியில் இருக்கும் 7 புள்ளிகள் படிவரிசைக்குள் ஏறும் படிக்கட்டுகள் எங்கே என்று காட்டும். மீதி 5 புள்ளிகளில் நடுப் புள்ளி அரச வாயிலையும், அதற்கு இருபுறம் உள்ளவை விருந்தினர் வாயில்களையும், கடைசி இரண்டும் பக்கவாட்டு வழிகளையும் காட்டும். ஒரே வட்டத்திலிருந்து கதவும் படியும் மேடையும் எல்லாம் பிறந்துவிடுகின்றன.

இதிலிருந்து ஒரு சின்னக் கணக்கு. மேடையின் ஆழம் ஆடுகள விட்டத்தில் கால் பங்கு. நீளமோ விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்கிறார். அதாவது ஆழத்தைப் போல எட்டு மடங்கு நீளம். அகலமாக நீட்டிய ஒரு பட்டை. நடிகர்கள் உள்ளே புகுந்து மறைய இடமில்லை, இடமிருந்து வலமாகத்தான் நகர வேண்டும். உண்மையில் எழுந்த அரங்கங்கள் எல்லாம் இந்த விதியை அப்படியே கடைப்பிடிக்கவில்லை. இடத்துக்கும் பணத்துக்கும் தகுந்தபடி வளைத்துக்கொண்டார்கள். விட்ருவியஸ் தானே கட்டியதாகத் தன் நூலில் விவரிப்பது ஃபானோ நகரத்துப் பொது மண்டபத்தைத்தான், அரங்கத்தை அல்ல. அவர் நூலைச் சட்டப் புத்தகம் மாதிரி படிப்பது தவறு, நல்ல யோசனைகளின் தொகுப்பாகப் படிக்கலாம்.

மேடையின் உயரம் ஐந்து அடிக்கு மேல் போகக் கூடாது என்கிறார். ரோமானிய அடி சுமார் 29.6 செ.மீ., ஆக ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரணம், கிரேக்கர்களிடம் கோரஸ் என்ற பாடகர் குழு ஆடிப் பாடிய அந்த வட்டத்தில் ரோமில் செனட்டர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேடை உயர்ந்தால் முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்கு நடிகரின் கால் தெரியாது, கழுத்தும் வலிக்கும். ஆட்டம் பாட்டம் எல்லாமே மேடைக்கு ஏறிவிட்டதால் கிரேக்க மேடையைவிட ரோமானிய மேடை ஆழமாகவும் தாழ்வாகவும் ஆனது.

மேடையின் முன்விளிம்பை ஒட்டி, தரைக்குள் நீளமான ஒரு பள்ளம் இருக்கும். திரைக்கான பள்ளம் அது. இங்கே திரை மேலே போய்த் திறக்காது. நாடகம் தொடங்கும்போது கீழே இறங்கிப் பள்ளத்துக்குள் போய்விடும், முடியும்போது கீழிருந்து எழுந்து வரும். திரையில் உருவங்கள் வரைந்தோ நெய்தோ இருக்கும். கவிஞர் ஓவிட் இதை ஓர் உவமையில் சொல்கிறார்: எழும்பும் திரையில் முதலில் முகம் தெரிகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடல், கடைசியில் கால் விளிம்பில் ஊன்றி நிற்கிறது. பிரான்சில் லியோன் நகர அரங்கத்தில் இந்தப் பள்ளத்தை இன்றும் காணலாம். காட்சி மாற்றத்துக்கு மூன்று முகம் கொண்ட சுழலும் பலகைகளைப் பற்றியும் விட்ருவியஸ் எழுதுகிறார். ஒவ்வொரு முகத்திலும் ஒரு காட்சி, தெய்வங்கள் இடி முழக்கத்தோடு வரும்போது திருப்பிவிட வேண்டியதுதான்.

சரி, இருக்கைகளுக்கு வருவோம். இருக்கையின் ஆழம் இரண்டு அடிக்குக் குறையாமல் இரண்டரை அடிக்கு மிகாமல் என்று அளவு சொல்கிறார். ஒருவர் உட்கார, பின்னால் இருப்பவர் கால் வைக்க, இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்த ஆழம். பொம்பெயி நகரத்தின் பெரிய அரங்கில் தலைக்கு இவ்வளவு என்று கோடு கிழித்து எண் போட்ட வரிசை கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஆளுக்குச் சுமார் 40 செ.மீ. நம்முடைய டவுன் பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அளவைவிட முக்கியமான ஒரு விதி: கீழ்ப்படியின் விளிம்பில் ஒரு கயிற்றைப் பிடித்து உச்சிப்படியின் விளிம்பு வரை இழுத்தால், அது நடுவில் உள்ள எல்லாப் படிகளின் விளிம்பையும் தொட வேண்டும். எந்தப் படியும் கயிற்றுக்கு மேலே முட்டக் கூடாது, முட்டினால் குரல் அங்கே தடைபடும் என்கிறார். பார்வைக்கும் அதே விதிதான். இன்றைக்கு விளையாட்டு அரங்கம் வடிவமைக்கிறவர்களும் பார்வைக் கோடு போட்டுத்தான் படியின் உயரத்தை முடிவு செய்கிறார்கள்.

படிவரிசை மூன்று பெரும் அடுக்குகளாகப் பிரிந்திருக்கும், அடுக்குகளுக்கு இடையே அகலமான நடைபாதை. ஏறும் படிக்கட்டுகள் அதைக் கூம்புத் துண்டுகளாகப் பிரிக்கும். இது வெறும் வசதிக்காகச் செய்த பிரிவு என்று நினைத்துவிடாதீர்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குச் சட்டம் இருந்தது. கி.மு. 67இல் வந்த ரோஸ்கியஸ் சட்டம், செனட்டர்களுக்குப் பின்னால் முதல் 14 வரிசைகளைக் குதிரைவீரர் வகுப்புக்கு ஒதுக்கியது. குதிரைவீரர் என்பது பெயருக்குத்தான், ரோமின் பணக்கார இரண்டாம் வகுப்பு அது. பிறகு அகஸ்டஸ் இதை இன்னும் இறுக்கினார். புட்டியோலி என்ற ஊரில் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு காட்சிக்குப் போன செனட்டர் ஒருவருக்கு யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லையாம், அந்த அவமானம்தான் அகஸ்டஸைச் சட்டம் போட வைத்தது என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். படைவீரர்கள் தனி, திருமணமான சாமானியர்கள் தனி, சிறுவர்கள் தனி, அவர்களுடைய ஆசிரியர்கள் பக்கத்திலேயே. கறுப்பு மேலாடை போட்டவர்கள் நடு அடுக்கில் உட்காரக் கூடாது.

சட்டம் இருந்தால் ஏமாற்றுபவர்களும் இருப்பார்கள். பேரரசர் டொமீஷியன் காலத்தில் இதே 14 வரிசை விதியை மறுபடி தூசி தட்டி எடுத்தபோது கவிஞர் மார்ஷியல் கிண்டலாக எழுதிக் குவித்தார். ஃபாசிஸ் என்ற ஆள் ஊதா மேலாடை பளபளக்க முன்வரிசையில் சாய்ந்துகொண்டு, இனிமேல் குதிரைவீரர் வரிசை சுத்தமாக இருக்கும், கண்ட கூட்டம் வந்து இடிக்காது என்று அரசாணையைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். பேசி முடிப்பதற்குள் இடம் காட்டும் ஊழியர் லெயிட்டஸ் வந்து அந்த ஊதா மேலாடையை எழுந்து போகச் சொல்லிவிடுகிறார்.

பல ஆயிரம் பேரை, அதுவும் ஒருவகை மற்றவகையோடு கலக்காமல் உள்ளே விடவும் வெளியே அனுப்பவும் வேண்டும். இதை ரோமர்கள் படிவரிசைக்கு அடியில் தீர்த்தார்கள். மலை இல்லாத சமதரையில் அரங்கம் கட்டுவதென்றால் அந்தச் சரிவையே கட்ட வேண்டும். மையத்திலிருந்து விசிறி மாதிரி பரவும் சுவர்கள், அவற்றுக்கு மேல் சாய்வாகப் போகும் கல்வளைவுக் கூரைகள், அந்தக் கூரைகளின் முதுகில் இருக்கைகள். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்து உடைகல் போட்டு இறுக்கிய ரோமானியக் கான்கிரீட் இல்லாவிட்டால் இது இவ்வளவு வேகமாகவும் மலிவாகவும் நடந்திருக்காது. அடியில் கிடைத்த காலியிடம் அரைவட்டத் தாழ்வாரங்களாகவும் படிக்கட்டுகளாகவும் ஆனது. வெளி வளைவு ஒன்றில் நுழைந்து, தாழ்வாரத்தில் நடந்து, உங்களுக்குரிய படிக்கட்டில் ஏறினால், உங்கள் அடுக்கின் நடுவிலேயே தலை நீட்டுவீர்கள். வழியில் செனட்டரைச் சந்திக்கவே மாட்டீர்கள்.

ரோம் நகரத்து மார்செல்லஸ் அரங்கம் இதற்கு நல்ல உதாரணம். ஜூலியஸ் சீசர் தொடங்கியதை அகஸ்டஸ் முடித்து, இளவயதில் இறந்த தன் மருமகன் மார்செல்லஸின் பெயரில் திறந்தார். வெளிப்புற முகப்பில் மாடிக்கு 41 வளைவுகள். கீழ்மாடியில் எளிமையான டோரிக் பாணித் தூண்கள், அதற்கு மேல் தலையில் சுருள் வைத்த அயோனிக் பாணித் தூண்கள். பிற்பாடு கொலோசியத்தின் முகப்பு இதே அடுக்கு முறையைத்தான் பின்பற்றியது. அதாவது கொலோசியம் நாடக அரங்கத்திடமிருந்து கற்றுக்கொண்டது, நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்னொரு பக்கத்து பதில். மலை கிடைத்த இடத்தில் ரோமர்கள் அதையும் விடவில்லை. ஒரான்ஜில் படிவரிசை செயின்ட் யூட்ரோப் குன்றின் மேல்தான் சாய்ந்திருக்கிறது. செலவு மிச்சம்.

இப்போது ஒலி. பின்சுவர்தான் பதில் என்று சொன்னால் பாதி சரி. நடிகர் சுவருக்கு நான்கு மீட்டர் முன்னால் நிற்கிறார் என்று வையுங்கள். அவர் குரல் நேராக உங்கள் காதுக்கு வருகிறது. பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, ஏறக்குறைய எட்டு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வந்து சேர்கிறது. ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், ஆகவே தாமதம் நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன தாமதத்தை நம் காது தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது, முதல் குரலோடு சேர்த்துக்கொண்டு குரல் பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். மேடைக்கும் படிவரிசைக்கும் இடையில் கல் பாவிய அரைவட்டத் தரையிலும் இதே வேலை நடக்கும். தூண்களும் மாடங்களும் ஒலியைப் பல திசையிலும் சிதறடிக்கும், அதனால் ஒரே இடத்தில் போய்க் குவியாது. மேலே திறந்த வெளி என்பதால் நீண்ட முழக்கம் தங்காது, வசனம் குழம்பாது. மேடைக்கு மேலே சாய்ந்த மரக் கூரை ஒன்றும் இருந்தது. ஒரான்ஜிலும் துருக்கியின் அஸ்பெண்டோஸிலும் பக்கச் சுவர்களில் அந்தக் கூரை பதிந்திருந்த சாய்வுத் தடம் தெளிவாகத் தெரியும். சுவரைக் காப்பாற்றுவதோடு, மேலே தப்பிப் போக இருந்த குரலைக் கூட்டத்தின் பக்கம் தள்ளியும் விட்டிருக்கும்.

விட்ருவியஸ் இதை உணர்ந்தே எழுதியிருக்கிறார். தண்ணீரில் கல் எறிந்தால் வட்டம் வட்டமாக அலை விரிவது போலக் குரலும் விரிகிறது, ஆனால் குரல் மேல்நோக்கியும் ஏறுகிறது என்கிறார். உச்சிப்படியின் பின்னால் ஓடும் தூண் மண்டபத்தின் கூரை மேடைக் கட்டிடத்தின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், குறைந்தால் குரல் அந்த இடத்தில் வெளியே போய்விடும் என்றும் காரணம் சொல்கிறார். ஒலியைப் பற்றி 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் இவ்வளவு தெளிவாக யோசித்தது பெரிய விஷயம்.

அதே மனிதர்தான் வெண்கலக் குடங்களைப் பற்றியும் எழுதினார். படிவரிசைக்குள் சிறு அறைகள் செய்து, சுருதி சேர்த்த குடங்களைக் கவிழ்த்து வைத்தால் குரல் பட்டு அவை ஒத்து ஒலிக்கும் என்பது யோசனை. இணையத்தில் ரோமர்களின் ஒலிபெருக்கி என்று இதைத்தான் பரப்புகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ரோமில் ஆண்டுதோறும் எத்தனையோ அரங்கங்கள் எழுகின்றனவே, எதிலும் குடம் இல்லையே என்று யாராவது கேட்பார்கள் என்று விட்ருவியஸே எழுதிவிட்டு, அவையெல்லாம் மரத்தால் ஆனவை, மரமே அதிரும் என்று சமாதானம் சொல்கிறார். முன்னொரு காலத்தில் தளபதி மும்மியஸ் கொரிந்து நகர அரங்கத்தின் குடங்களைப் பெயர்த்து ரோமுக்குக் கொண்டுவந்தார் என்பதையும் சாட்சிக்கு இழுக்கிறார். குடம் இருந்தாலும் அது கேட்பவர்களுக்குப் பெரிய வித்தியாசம் செய்திருக்காது. வேலை செய்தது சுவரும் படியும்தான்.

பகல் காட்சி, மத்தியதரைக் கடல் வெயில். அதற்குத் துணிப்பந்தல். ஒரான்ஜின் வெளிச்சுவர் உச்சியில் இரண்டு வரிசையாகக் கற்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா, பந்தல் கம்பங்களுக்கான தாங்கிகள் அவை. மேல் வரிசைத் துளையில் நுழைந்த கம்பம் கீழ் வரிசைக் கல்லில் ஊன்றி நிற்கும், கம்பங்களிலிருந்து கயிறு கட்டித் துணியை இழுப்பார்கள். பொம்பெயி சுவர்களில் எழுதிய காட்சி விளம்பரங்களில், நிகழ்ச்சி விவரத்தோடு பந்தல் உண்டு என்றும் சிலவற்றில் வாசனைத் தண்ணீர் தெளிக்கப்படும் என்றும் போட்டிருக்கும். ஏசி வசதி உண்டு என்று நம் தியேட்டர்காரர்கள் போட்ட காலம் ஒன்று இருந்ததே.

இத்தனை நுட்பமான கட்டிடத்தை ரோம் நகரமே நெடுங்காலம் அனுமதிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கி.மு. 150களில் கல் அரங்கம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். கிரேக்கச் சொகுசு மக்களைக் கெடுக்கும் என்று செனட்டர் ஸ்கிபியோ நாசிகா எதிர்த்து நிறுத்தினார், கட்டியது இடிக்கப்பட்டு பொருட்கள் ஏலத்துக்குப் போயின. அதனால் விழாவுக்கு விழா மரத்தில் கட்டிப் பிரித்தார்கள். மரம்தானே என்று எளிமையாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கி.மு. 58இல் ஸ்காரஸ் என்பவர் கட்டிய தற்காலிக அரங்கின் மேடைச் சுவரில் 360 தூண்கள், பளிங்கு ஓர் அடுக்கு, கண்ணாடி ஓர் அடுக்கு, தங்கம் பூசிய பலகை ஓர் அடுக்கு என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அவர் தரும் எண்களில் பாதியைக் கழித்துக்கொண்டாலும் பெரிய செலவுதான்.

தடையை உடைத்தவர் தளபதி பொம்பேயஸ். அவர் பெயரையும் பொம்பெயி ஊரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கி.மு. 55இல் ரோமின் முதல் நிரந்தரக் கல் அரங்கத்தைத் திறந்தார். படிவரிசையின் உச்சியில் வீனஸ் தேவிக்குக் கோயில் கட்டி, நான் கட்டியது கோயில்தான், கீழே இருப்பவை அதற்கு ஏறும் படிகள் என்று சொல்லித் தப்பித்தார் என்கிறார் பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் டெர்துல்லியன். மேடைச் சுவருக்குப் பின்னால் தூண் மண்டபங்கள் சூழ்ந்த பெரிய தோட்டம், மழை வந்தால் கூட்டம் ஒதுங்க இடம். அந்தத் தோட்டத்தின் மறுகோடியில் செனட் கூடுவதற்கும் ஒரு மண்டபம். கி.மு. 44 மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் குத்திக் கொல்லப்பட்டது அங்கேதான், பொம்பேயஸின் சிலைக்கு அடியில்.

திறப்பு விழா நாடகங்களைப் பார்த்த அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ ஒரு நண்பருக்குச் சலிப்போடு கடிதம் எழுதினார். ஒரு நாடகத்தில் 600 கோவேறு கழுதைகள், இன்னொன்றில் 3,000 கிண்ணங்கள், இதில் என்ன ரசனை இருக்கிறது என்று கேட்கிறார். எனக்கு அந்தக் கழுதைகள் கட்டிடக்கலைச் செய்தியாகப் படுகின்றன. எட்டு மடங்கு நீளமான மேடையைக் கட்டிவிட்டால் அதை நிரப்பியாக வேண்டுமே. பிளாட்டஸும் டெரன்ஸும் நகைச்சுவை நாடகங்கள் எழுதியது மரப்பலகை மேடைக் காலத்தில். டெரன்ஸின் நாடகம் ஒன்று கி.மு. 165இல் அரங்கேறியபோது கயிற்றில் நடப்பவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட கூட்டம் எழுந்து போய்விட்டது. கல் அரங்கங்கள் பெருகிய காலத்தில் அந்தத் தரத்தில் எழுதுகிறவர்கள் மேடையில் அரிதாகிவிட்டார்கள். பேசாமல் ஆடும் தனிநடிகரின் கூத்தும் கேலி நாடகங்களும்தான் அந்தப் பளிங்குச் சுவருக்கு முன்னால் ஓடின.

ஆனாலும் பேரரசின் ஒவ்வொரு ஊரும் தனக்கொன்று வேண்டும் என்று நின்றது. லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் அன்னோபல் ரூஃபஸ் என்ற உள்ளூர்ச் செல்வந்தர் கி.பி. 1-2இல் சொந்தச் செலவில் கட்டிக்கொடுத்து, லத்தீனிலும் தன் மக்களின் பியூனிக் மொழியிலும் கல்வெட்டு பொறித்தார். எல்லா ஊருக்கும் கை கூடவில்லை. இன்றைய துருக்கியில் இருந்த நைசியா நகரம் ஒரு கோடி செஸ்டெர்ஸ் என்ற ரோமானிய நாணயத்துக்கு மேல் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்த அரங்கம் பாதியிலேயே விரிசல் விட்டு இறங்கத் தொடங்கியது. ஆளுநராகப் போன இளைய பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதுகிறார்: தரை ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கிறதா, அல்லது கல்லே சொத்தையா தெரியவில்லை, முடிப்பதா, விடுவதா, இடிப்பதா? உள்ளூரில் இருக்கிற நீயே முடிவு செய் என்கிற பாணியில் பதில் வருகிறது. மண் பரிசோதனை செய்யாமல் அஸ்திவாரம் போட்டால் எந்த நூற்றாண்டிலும் இதுதான் நடக்கும்.

இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். முழு வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்றால் துருக்கியில் அந்தால்யா அருகே அஸ்பெண்டோஸ். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில், தியோடோரஸின் மகன் ஜீனோன் கட்டியது. மேடைக் கட்டிடம், படிவரிசை, உச்சி மண்டபம் எல்லாம் இருக்கிறது. செல்ஜூக் சுல்தான்கள் அதை மாளிகையாகப் பயன்படுத்திப் பராமரித்ததால் பிழைத்தது. சிரியாவின் போஸ்ராவில் கறுப்புப் பசால்ட் கல்லில் கட்டிய அரங்கத்தைச் சுற்றிப் பிற்காலத்தில் கோட்டை எழுப்பிவிட்டார்கள், அந்தக் கோட்டையே அதற்குக் கவசமாகிவிட்டது. ஸ்பெயினின் மெரிடாவில் மண் மூடி உச்சிப்படியின் ஏழு துண்டுகள் மட்டும் வெளியே தெரிந்ததால் ஊர்க்காரர்கள் ஏழு நாற்காலிகள் என்று அழைத்துவந்தார்கள். 1910இல் தோண்டத் தொடங்கிய பிறகுதான் கீழே முழு அரங்கமும் வெளிப்பட்டது. இப்போது கோடைகாலத்தில் அங்கே நாடக விழா நடக்கிறது. ஒரான்ஜிலும் இசை நாடக விழா உண்டு, டிக்கெட் கிடைத்தால் மேல் அடுக்கில் வாங்குங்கள், ஒலியைச் சோதிக்க அதுதான் இடம்.

ரோமுக்குப் போகிறவர்கள் மார்செல்லஸ் அரங்கத்தை வெளியிலிருந்து பார்க்கலாம். மேலே பதினாறாம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை வீடுகளாகியிருக்கிறது, இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பொம்பேயஸின் அரங்கம் கண்ணுக்குத் தெரியாது. கம்போ தே ஃபியோரி சந்தைக்குப் பின்னால் வியா டி குரொட்டா பிந்தா என்று ஒரு தெரு இருக்கிறது. அதன் வீடுகள் எல்லாம் ஒரே வளைவில் திரும்பி நிற்கும், பழைய படிவரிசையின் உள்வட்டத்தின் மேலேயே கட்டியவை. அந்தப் பகுதியில் சில உணவகங்களின் நிலவறையில் அரங்கத்தின் சுவர்கள் அப்படியே இருக்கின்றன. சாப்பிடப் போனால், கீழே இறங்கிப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.